சிம்பொனி ஆஃப் தி சீஸ்: எங்கே சாப்பிடுவது, எப்போது ஏறுவது

ராயல் கரீபியன் நிறுவனத்தின் இந்தச் சொகுசுக் கப்பலில் ஏறிய முதல் மதியம் கூட்டமெல்லாம் 16ஆம் தளத்து விண்ட்ஜாமர் பஃபேக்குத்தான் ஓடும். தட்டோடு மேஜை தேடி அலைய வேண்டாம்; 8ஆம் தளத்தில் சென்ட்ரல் பார்க் என்னும் திறந்தவெளித் தோட்டத்தில் இருக்கும் பார்க் கஃபேக்குப் போங்கள். சாண்ட்விச், சாலட் எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கியவை. அங்கேயே உள்ள சாப்ஸ் கிரில் போன்ற உணவகங்களுக்குத் தனிக் கட்டணம். கப்பல் நிறுவனத்தின் செயலியில் முன்பதிவு செய்துவிட்டே போக வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் முதல் இரவே பிரதான உணவகத்தின் தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவைத்தால், மறுநாளிலிருந்து பெரும்பாலும் பருப்பு, காய்கறிக் குழம்பு எனத் தனியாகச் செய்து தருவார்கள். அன்றைக்கன்று கேட்டால் பாஸ்தாதான்.

மேல்தள விளையாட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். காற்று வலுத்தால் ஃப்ளோரைடர் (செயற்கை அலைச்சறுக்கு), ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் செல்வது) இரண்டையும் மூடிவிடுவார்கள்; மீண்டும் திறக்கும்போது வரிசை வால்போல நீளும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில்தான் கூட்டம் குறைவு. ஃப்ளோரைடரில் படுத்துச் சறுக்க 52 அங்குல உயரம் வேண்டும், நின்று சறுக்க 58. முதல்முறை விழாதவர் அரிது. தளர்ந்த உடை நீரின் வேகத்தில் கழன்றுவிடும், கால்சட்டை நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். 16ஆம் தளத்திலிருந்து 6ஆம் தளத்துக்கு இறக்கும் அல்டிமேட் அபிஸ் சறுக்குக்கு 44 அங்குலம் போதும்.