அம்மாவின் ஒரு நாளை எழுதி வைப்பது எப்படி

நம்மை ஆளாக்கியவர்களின் வாழ்க்கையை என்றாவது ஒருநாள் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்காதவர்கள் குறைவு. அதற்கென்று உட்கார்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 38 ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, அவருடைய வாழ்க்கையை எழுதி முடிக்க எனக்கு மூன்று பனிக்காலங்கள் பிடித்தன. அதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அவருடைய குரல் எங்கள் வீட்டில் எந்தக் கருவியிலும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வளர்ந்து இன்று கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர், ஊருக்கு வரும் இரண்டு நாள் விடுப்பில் இதை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாள் நான் அம்மாவிடம் கேட்டது இது: "எங்களுக்காக நீ பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லும்மா." அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "என்னத்தச் சொல்ல பாப்பா, எல்லாரும் பட்டதுதான்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். தியாகம், உழைப்பு, பெருமை போன்ற சொற்களோடு போய் நின்றால் எந்தத் தாயும் இப்படித்தான் எழுந்து போவார். அந்தச் சொற்களுக்குத் தகுந்தாற்போல் தன் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் வேறு மாதிரிக் கேட்டேன். "நான் மூணாங்கிளாஸ் படிச்சப்போ, காலையில எந்திரிச்சதும் மொதல்ல எதத் தொடுவ?" என்றதும், "வெறகுதான். ராத்திரியே அடுப்போரமா அடுக்கிருவேன், இல்லாட்டி ஈரம் ஏறிப் பத்தவே பத்தாது" என்று தொடங்கியவர் நாற்பது நிமிடங்கள் நிறுத்தவே இல்லை.

ஆகவே, முழு வாழ்க்கையையும் கேட்காமல் ஒரு நாளைக் கேளுங்கள். உங்களுக்கு எத்தனை வயது, மழையா பனியா, வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அந்த நாளுக்கு எல்லை வகுத்துக்கொண்டு, இருட்டில் எழுந்ததிலிருந்து விளக்கணைத்ததுவரை மணிக்கணக்காகக் கேளுங்கள். தேநீரை யார் போட்டது, வேலைக்கு வந்ததாகப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், தாமதமானால் என்ன ஆகும், அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் எதைத் தடவினார்கள், மதியச் சாப்பாட்டை எங்கே வைத்து உண்டார்கள், எடை போடும்போது ஈரத்துக்கென்று எவ்வளவு கழித்தார்கள் என்பவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் தவறாமல் கேளுங்கள். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் உங்களை உண்மையில் தூக்கி வைத்திருந்தது யார் என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். எங்கள் வீட்டில் அது ஒன்பது வயது அக்கா என்பதும், அந்த ஆண்டோடு அவள் பள்ளியை விட்டு நின்றாள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும். கொழுந்து எடுப்பது எப்படி என்று அம்மாவிடம் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. கொல்லையில் நின்ற ஒரு தேயிலைச் செடியிடம் என்னை அழைத்துக்கொண்டு போனார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த தளிரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நகம் படாமல், ஒரு சிறு திருப்பலில் ஒடித்தார். இரண்டு கைகளும் தனித்தனியாக வேலை செய்தன. இடது கை எடுப்பதை அவர் பார்க்கவே இல்லை. உள்ளங்கை நிறைந்ததும், கூடை இல்லாத முதுகுக்குப் பின்னால் அந்தக் கை தானாகப் போய்த் திரும்பியது. ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில் இலைச்சாறு ஏறி ஏறிக் கறுத்த கோடுகள், வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் மங்கலாகத் தெரிந்தன. முகத்தைப் படம் எடுக்கும் அக்கறையோடு கைகளையும் எடுத்து வையுங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும் என்பதை அம்மாவிடம் சொல்லி, அவர் நினைவில் இருந்த அன்றாட எடையை வைத்து இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த மாலையில் அவர் பேசிய அளவு வேறு எந்த நாளும் பேசியதில்லை.

ஆண்டுகளைத் திருத்துவதுதான் மிகவும் பொறுமை வேண்டிய வேலை. எந்த வருஷம் என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் தவறான பதில்தான் வரும். ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கம்பமாக நட்டு, அதற்கு முன்பா பின்பா என்று கேட்க வேண்டும். இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர், நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட 2009 நவம்பர் மண்சரிவு ஆகியவற்றை இங்குள்ள பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் இன்னும் சில கம்பங்கள் உண்டு. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபரில். அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே, ஒப்பந்தப்படி வந்த ஒருவர் தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கியதாகச் சொன்னால், அது மூத்தவர்கள் சொல்லக் கேட்ட நினைவாக இருக்கலாம். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் பிறகு ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக வனத்துறை தேயிலை நடத் தொடங்கியது 1968இல், அது டேன்டீ என்ற அரசு நிறுவனமானது 1976இல் என்பதும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும்.

என் அம்மாவும் இலங்கையிலிருந்து வந்தவர்தான்; வந்தது 1974 என்றே உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது, "முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடந்துச்சு, ரொட்டியக் கடிக்க முடியல, பாட்டி தேத்தண்ணியில ஊறவச்சுக் குடுத்துச்சு" என்றார். முன்பற்கள் விழுவது ஏழெட்டு வயதில் அல்லவா என்று பாட்டியின் கடவுச்சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். முத்திரையில் 1971 என்று இருந்தது. காகிதங்களைத் தேட வேண்டிய இடம் தகரப்பெட்டியின் அடித்தட்டு. கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, பணிக்கொடைக் கணக்கு, தடுப்பூசி அட்டை எதையும் வீசிவிடாதீர்கள். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், எது சரி என்று நீங்களே தீர்ப்பளிக்காமல், எந்தத் தாளில் எது இருக்கிறது என்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் யாரோ அவசரத்தில் எழுதிய எண்ணால் என் அம்மாவுக்கு மூன்று சான்றிதழ்களில் மூன்று வயது இருக்கிறது. அதற்காக அவர் எத்தனை நாள் கூலியை இழந்து அலைந்தார் என்பதும் அவருடைய வரலாறுதான்.

பழைய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஈரக்காற்றில் சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைப் பிய்க்கக் கூடாது, மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, கண்ணாடிக்கு மேலேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலேயே 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த மாவட்டத்தில், நம் வீடுகளில் தலைக்கு ஒரு படம்கூட இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

குரலைப் பதிவு செய்யக் கைபேசியே போதும். ஆடி மாதத்தில் கூடலூரில் இதைத் தொடங்காதீர்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒரு சொல்லும் கேட்காது. தை, மாசியில் பனியால் கொழுந்து குறைந்திருக்கும், வேலையில் இருப்பவர்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். கைபேசியை விமான நிலைக்கு மாற்றி, மடித்த துண்டின் மேல் வைத்து, முதலில் தேதியையும் ஊரையும் யார் பேசுகிறார் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஒருமுறை உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்றைக்கே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

அம்மா நடுவில் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அடுத்த கேள்விக்குத் தாவாமல் அந்த மௌனத்தில் கூடவே உட்கார்ந்திருப்பது கடினம், ஆனால் பல நேரம் அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு வரும். "இத எழுதாத" என்று அவர் சொன்னதை எழுதாதீர்கள். அவர் காலத்துக்குப் பிறகும் எழுதாதீர்கள். அப்பாவின் குடியைப் பற்றி அம்மா சொன்னதில் பாதியை எழுதச் சொன்னார், பாதியை வேண்டாம் என்றார். எந்தப் பாதி எது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அதேபோல், அவர் செய்த தவறுகளை அவரே சொல்லும்போது மறைத்துப் பூசவும் கூடாது. அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதை அவர் அழுதுகொண்டே சொன்னார். அதை நீக்கிவிட்டால் அது என் அம்மாவின் கதையாக இருக்காது.

ஆசிரியர்களிடம் கேட்பது வேறு வகை. பல்லாண்டு மேடையில் பேசிப் பழகியவர்கள் என்பதால் முதலில் சொற்பொழிவுதான் வரும். செப்டம்பர் 5ஆம் தேதி மாலையோடு போகாமல், சாதாரண நாளில், உடன் படித்த இருவரை அழைத்துக்கொண்டு, ஒரு வகுப்புப் படத்தோடு போங்கள். முடிந்தால் பள்ளிக்குப் போகும் பழைய பாதையில் அவரோடு சேர்ந்து நடங்கள். ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து நடத்திய எங்கள் டீச்சர், பேருந்து நிறுத்தத்திலிருந்து தேயிலைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடந்து வருவார். யானை வழிமறித்த நாட்களில் மட்டும் தாமதம். மழைக்காலத்தில் நனைந்து வரும் பிள்ளைகளுக்காக வகுப்பின் மூலையில் கணப்புச் சட்டி வைத்திருப்பார், எங்கள் சட்டைகள் அதைச் சுற்றிக் காயும். அவரிடம் பெரிய வேலைக்குப் போன மாணவர்களைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார். பிறகு படத்தில் ஒரு சிறுமியின் மேல் விரலை வைத்து, "இவ நாலாவதோட நின்னுட்டா, மூணு தடவ லைனுக்குப் போயிக் கூப்பிட்டேன்" என்றார். அந்தச் சிறுமி என் அக்கா. வந்தவர்களை விட வராமல் போனவர்களைத்தான் அவர் முப்பது ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கடைசியில் எழுதும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அவர்கள் பேசிய தமிழை மேடைத் தமிழாக மாற்றாதீர்கள். தேத்தண்ணி தேத்தண்ணியாகவே இருக்கட்டும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து கவ்வாத்தாகவே இருக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்குப் புரியாத சொல்லுக்கு மட்டும் அடியில் பொருள் எழுதுங்கள். வயதான கண்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கம்பிச்சுருள் போட்டுக் கட்டி, பின்னால் பத்துத் தாள்களை வெறுமையாக விடுங்கள். வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் அம்மா இரண்டு மாலைகள் அசையாமல் கேட்டார். முடித்ததும், "அந்த ஆட்டுக்குட்டிய விட்டுட்டியே பாப்பா, ஒன்னோட பரீட்சப் பணம் அத வித்துத்தான கட்டுனது" என்றார். வெறுந்தாளில் முதல் பக்கத்தில் அதை எழுதினேன். அதன் பெயர் செவலை.