சத்துமாவு கசந்து போகாமல் இருக்க

வீட்டில் அரைத்த சத்துமாவு மூன்றாவது வாரமே காறல் அடித்தது. காரணம் கம்பும் வேர்க்கடலையும். இரண்டிலும் எண்ணெய்ச்சத்து உண்டு. மாவாக்கியதும் காற்றுபட்டுக் கெடத் தொடங்கும். இப்போது இரண்டையும் மாவில் சேர்ப்பதில்லை. வேர்க்கடலை வேண்டுமென்றால் வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் தூவினால் போதும், ருசியும் அதில்தான்.

அளவு: கேழ்வரகு 500 கிராம், சிவப்பரிசி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை தலா 100 கிராம், ஏலக்காய் 6, சுக்கு ஒரு துண்டு.

கேழ்வரகை 10 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டினால் ஒரு நாளில் முளைவிடும். முளை நீளத் தேவையில்லை, வெள்ளையாக எட்டிப்பார்த்தால் போதும். பிறகு வெயிலில் 2 நாள். நகத்தால் நசுக்கினால் மாவாக உடைய வேண்டும். அமுங்கினால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறுதீயில் வறுக்கவும். சேர்த்து வறுத்தால் கேழ்வரகு கருகும்போது பயறு பச்சையாகவே இருக்கும். பொட்டுக்கடலைக்குச் சூடு காட்டினால் போதும்.

மில்லில் மிளகாய் அரைத்த கையோடு கொடுத்துவிடாதீர்கள்! அரைத்த மாவு சூடாக இருக்கும். தாளில் பரப்பி நன்றாக ஆறியபின் சலித்து டப்பாவில் அடைக்கவும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டும்.

காய்ச்சும்போது 2 மேசைக்கரண்டி மாவை அரை டம்ளர் பச்சைத்தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை டம்ளர் நீரில் ஊற்றி, 7 நிமிடம் கிளறவும். முளைகட்டிய மாவு அவ்வளவாகக் கெட்டிப்படாது. அதற்காகக் கூடுதல் மாவு போடவேண்டாம்.