அட்மிஷன் கடிதத்துக்குப் பிறகுதான் வேலை: புது மென்டார்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோவின் தெற்குப் பகுதியில், பள்ளி முடிக்கும் கறுப்பின மாணவர்களுக்கு மென்டாராக, அதாவது வழிகாட்டியாக, ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன். இப்போது தமிழ் நண்பர்கள் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். போன மே மாதம் ஒருவர், தான் வழிகாட்டும் பையன் காலேஜ் அட்மிஷன் கடிதத்தோடு நிற்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அடுத்த வாரமே குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார். எனக்குப் பகீர் என்றது. நான் செய்த அதே தவறு. சொன்ன நேரத்துக்கு வருவது, ஃபோனை நோண்டாமல் பேசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிதம் வந்ததும் முடிந்தது என்று நினைப்பது

2010இல் இங்கே கறுப்பினப் பையன்களுக்கான அர்பன் பிரெப் பள்ளியின் முதல் பேட்ச் மாணவர்கள் 107 பேருக்கும் காலேஜில் இடம் கிடைத்தபோது நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இடம் கிடைப்பது வேறு, ஆகஸ்டில் வகுப்பில் போய் உட்காருவது வேறு.

நான் முதன்முதலில் வழிகாட்டிய பையனை அவன் பாட்டிதான் வளர்த்தார். மே மாதம் கடிதம் வந்தது, கேக் வெட்டினோம், நான் மதுரைக்குப் போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தேன். செப்டம்பரில் “ஹாஸ்டல் எப்படி இருக்கு?” என்று கேட்க ஃபோன் செய்தால், அவன் ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்டில் இருந்தான்.

நடந்தது இதுதான். அரசு உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் பாட்டியின் வருமானத்தை எழுதியிருந்தோம். சட்டப்படி தத்தெடுத்திருந்தால் ஒழிய, பாட்டியைப் பெற்றோராக அது ஏற்காது. காலேஜ் அப்பா, அம்மா விவரம் கேட்டு மூன்று முறை எழுதியிருக்கிறது, அவன் திறந்தே பார்க்காத புது காலேஜ் மெயிலுக்கு. உதவித்தொகை நின்றது. ஜூலையில் முழு ஃபீஸுக்கும் பில் வந்தது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, நம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். பெற்றோரோடு தொடர்பில்லை என்று பள்ளி ஆலோசகர் போன்ற ஒருவரிடம் கடிதம் வாங்கி, காலேஜின் உதவித்தொகை அலுவலகத்தில் முறையிட வழி இருந்தது. ஒரு கடிதம், இரண்டு ஃபோன் கால். கேட்டுப் பார்க்கக்கூட நான் சிகாகோவில் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது.

இதற்கு ‘சம்மர் மெல்ட்’ என்று பெயர். காலேஜ் போவதாக முடிவெடுத்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்தக் கோடையிலேயே நழுவிவிடுகிறார்கள் என்று பெஞ்சமின் காசில்மனும் லிண்ட்சே பேஜும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் இன்னும் அதிகம். பள்ளி ஆலோசகருக்கு அப்போது லீவு. காலேஜில் யாருக்கும் இவனைத் தெரியாது. நடுவில் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

அதனால் ஜூனிலிருந்து வாரம் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெயிலைத் திறக்க வையுங்கள். தடுப்பூசிச் சான்று, ஹாஸ்டல் முன்பணம், ஓரியன்டேஷன் தேதி எல்லாம் அதில்தான் வரும். அப்புறம், மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் விலக்குப் படிவம் போட வேண்டும். போடாவிட்டால் பல காலேஜ்களில் காப்பீட்டுக் கட்டணம் தானாகவே பில்லில் ஏறிவிடும்.

நம் கதையைச் சொல்வது

“இரண்டு பெட்டியோடு வந்து முன்னேறினோம், உன்னால் ஏன் முடியாது?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நம்மில் பலர் கையில் டிகிரியோடு வந்தவர்கள். நமக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டமே, இவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உரிமைக்காகப் போராடிய காலத்தில் வந்ததுதான். கறுப்பினத்தவர் தெரு என்றாலே இதே சிகாகோவில் வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட காலம் அது.

எடுத்ததும் அறிவுரை

இங்கே பள்ளிப் பையன்களுக்காக நடக்கும் ‘பிகமிங் எ மேன்’ என்ற ஆலோசனைக் குழுக்களில் ஒரு பயிற்சி உண்டு. ஒருவன் கையில் பந்து. அடுத்தவன் அதை 30 வினாடியில் வாங்க வேண்டும். பெரும்பாலும் மல்லுக்கட்டுவார்கள். “கொஞ்சம் தர்றியா?” என்று கேட்கலாம் என்பது அப்புறம்தான் தோன்றும். முதலில் அதை விளையாடுங்கள், பேச்சு தானாக வரும்.

மூன்று மாதத்தில் விலகுவது

அதற்குச் சேராமலே இருங்கள்.

ஊர் டிக்கெட்

டிசம்பருக்குப் போடுங்கள்.