வெளிநாட்டு நேரக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

“அமெரிக்காவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம்.” பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எந்த வீட்டிலும் இதைச் சொல்வார்கள். நியூயார்க், நியூஜெர்சி பக்கத்துக்கு இது வருஷத்தில் நாலு மாசம்தான் சரி. மீதி மாசங்களில் ஒன்பதரை. மகன் டெக்சாஸில் டல்லாஸில் இருந்தால் கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. கலிபோர்னியா என்றால் பன்னிரண்டரை, அப்புறம் பதின்மூன்றரை. அதனால் ‘அமெரிக்க நேரம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த ஊர், எந்தத் தேதி என்ற இரண்டும் தெரிந்தால்தான் வித்தியாசம் எவ்வளவு என்று சொல்ல முடியும். நேரக் கணக்கு தப்புகிற இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் இதில் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. நம் கடிகாரத்தை வருஷம் முழுக்க யாரும் தொடுவதில்லை. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஆனி மாசப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நியூயார்க்கில் ஜூன் மாதப் பகல் சுமார் 15 மணி நேரம், டிசம்பரில் ஒன்பதே கால். கோடையில் வீணாகிற விடிகாலை வெளிச்சத்தைச் சாயங்காலத்துக்குக் கொண்டுவரத்தான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். டேலைட் சேவிங் என்பது அதுதான்.

சரி, எப்போது தள்ளுகிறார்கள்? அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. 2026-இல் அது மார்ச் 8, நவம்பர் 1. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை, அதாவது மார்ச் 29, அக்டோபர் 25. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் மெல்போர்ன், சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னால் தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனும் பெர்த்தும் மாற்றுவதே இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவும் பெரும்பாலும் அப்படித்தான். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. துபாய் எப்போதும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

நாடுகள் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2026 மார்ச் 8 முதல் 29 வரை மூன்று வாரம் அமெரிக்கா மாறிவிட்டது, லண்டன் மாறவில்லை. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண் ஒருத்திக்குத் தினமும் டல்லாஸ் நேரப்படி காலை 9 மணிக்கு மீட்டிங் என்று வையுங்கள். குளிர்காலம் முழுக்க இவளுக்கு அது இரவு 8.30, லண்டனில் இருக்கிறவருக்கு மதியம் 3 மணி. மார்ச் 9 திங்கட்கிழமை இவளுக்கு அது 7.30 ஆகிவிடும், லண்டன்காரருக்கு 2 மணி. மார்ச் 30-இலிருந்து லண்டனில் மறுபடியும் 3 மணி, இங்கே அதே 7.30. அக்டோபர் கடைசி வாரத்திலும் இந்தக் குழப்பம் ஒரு சுற்று வரும். மூன்று நாட்டு ஆட்கள் இருக்கிற டீமில் மார்ச் மாதம் யாராவது ஒருவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு விஷயம், காலண்டரில் அந்த மீட்டிங்கை யார் போட்டது என்பது. வாராவாரம் வருகிற மீட்டிங், அதைப் போடும்போது எந்த ஊர் நேரம் குறிக்கப்பட்டதோ அந்த ஊர்க் கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். திருநெல்வேலியிலிருந்து நீங்கள் இரவு 8.30 என்று போட்டால் உங்களுக்கு அது அசையாது. மார்ச்சில் டல்லாஸ்காரர்களுக்கு 9 மணி மீட்டிங் 10 மணிக்குப் போய்விடும். அவர்கள் ஆபீஸ் நேரம்தான் முக்கியம் என்றால், மீட்டிங் போடும்போதே நேரத்துக்குப் பக்கத்தில் டல்லாஸ் நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். கூகுள் காலண்டரில் அந்த வசதி இருக்கிறது.

போனில் உலகக் கடிகாரம் பார்த்துக் கணக்குப் போடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. அது இந்த நிமிஷத்து நேரத்தைத்தான் காட்டும். செப்டம்பரில் உட்கார்ந்து கார்த்திகையில் நடக்கப்போகிற நிச்சயதார்த்தத்துக்கு அதைப் பார்த்து நேரம் சொன்னால், நியூஜெர்சி மாமாவுக்கு ஒரு மணி நேரம் தப்பாகப் போகும். விசேஷத் தேதியைப் போட்டுப் பார்க்கிற டைம் கன்வெர்ட்டரில்தான் பார்க்க வேண்டும்.

விசேஷம் என்றதும் கிழமைக் குழப்பம் ஞாபகம் வருகிறது. 2026 ஆகஸ்ட் 30, ஞாயிறு காலை 6 மணிக்கு இங்கே முகூர்த்தம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நியூஜெர்சியில் அது ஆகஸ்ட் 29, சனிக்கிழமை இரவு 8.30. பத்திரிகையில் ஞாயிறு என்று இருப்பதால் அங்கே இருக்கிற தம்பி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லிங்க்கைத் திறப்பார். இங்கே அதற்குள் திங்கட்கிழமை விடிந்து மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரும் அப்படித்தான். இங்கே காலை எட்டு மணிக்கு வடம் பிடித்தால் நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு 10.30. வாட்ஸ்அப்பில் சொல்லும்போது இரண்டு ஊருக்கும் தனித்தனியாகத் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதிவிட வேண்டும். “திருநெல்வேலி: ஆகஸ்ட் 30 ஞாயிறு காலை 6.00. நியூஜெர்சி: ஆகஸ்ட் 29 சனி இரவு 8.30.” இப்படி இரண்டு வரி எழுத அரை நிமிஷம் ஆகுமா?

நாம் நாளைப் பார்க்கிற விதமும் இதில் கலந்துகொள்கிறது. நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். “ஞாயித்துக்கிழம ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிடுதேன்” என்று ஆச்சியிடம் பேத்தி சொன்னால், ஆச்சி ஞாயிறு பொழுது சாய்ந்து வருகிற ராத்திரியைத்தான் நினைப்பாள். கடிகாரக் கணக்கில் அது திங்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். டிக்கெட்டில் 14-ஆம் தேதி 00.40 என்று இருந்தால் 13-ஆம் தேதி சாயங்காலமே ஊரிலிருந்து வண்டி கிளம்பியாக வேண்டும். இறங்குகிற நேரம் எப்போதும் இறங்குகிற ஊரின் நேரம் என்பதையும் அங்கே கூட்டிக்கொண்டு போக வருகிற உறவுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

பேரப்பிள்ளைக்கு ஜாதகம் எழுதுகிற இடத்தில் நடக்கிற தவறைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அது காலத்துக்கும் நிற்கிற தவறு. குழந்தை 2025 ஜூலை 15 அன்று நியூஜெர்சியில் மாலை 6.20-க்குப் பிறந்தது என்று வையுங்கள். இந்திய நேரப்படி அது ஜூலை 16 அதிகாலை 3.50. வீட்டார் இந்த 3.50-ஐ ஜோசியரிடம் கொடுத்து, பிறந்த ஊர் திருநெல்வேலி என்று கணிக்கச் சொல்லிவிடுகிறார்கள். நட்சத்திரத்துக்கு இதனால் கேடில்லை, சந்திரன் அந்த நொடியில் எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கும். லக்னம் அப்படியல்ல. பிறந்த ஊரின் கிழக்கு அடிவானத்தில் அப்போது எந்த ராசி உதித்தது என்பதுதான் லக்னம். ஊரை மாற்றினால் லக்னம் எங்கோ போய்விடும். சிலர் ஊரைச் சரியாகக் கொடுத்து, கிழக்கு அமெரிக்கா என்றால் உலக நேரத்துக்கு அடிப்படையான கிரீன்விச் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால் என்று போடுகிறார்கள். ஜூலையில் அது நாலு மணி நேரம். ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. அதில் ஒரு மணி நேரம் பிசகினால் லக்னமே மாறிவிட நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் ஆஸ்பத்திரிச் சான்றிதழில் இருக்கிற உள்ளூர் தேதி, உள்ளூர் நேரம், ஊர் பெயர் மூன்றையும் மாற்றாமல் கொடுத்து, அன்றைக்குக் கோடை நேரம் அமலில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றுகிற வேலையை நாம் செய்துகொண்டு போகவே கூடாது.

இன்டர்வியூவுக்குத் தயாராகிற பிள்ளைகளுக்கு ஒன்று. ஜூலையில் வருகிற மெயிலில் ‘10 மணி, இ.எஸ்.டி.’ என்று இருக்கும். எழுத்துப்படி அது நியூயார்க்கின் குளிர்கால நேரம், நமக்கு இரவு 8.30. அனுப்பியவர் மனதில் இருப்பது அநேகமாக அவர் சுவரில் ஓடுகிற கடிகாரம், நமக்கு 7.30. இந்த மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். நம் இந்திய நேரத்துக்கு நாம் சொல்கிற ஐ.எஸ்.டி.யை அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் தங்கள் நேரத்துக்கும் சொல்வார்கள். சி.எஸ்.டி. சிகாகோவுக்கும் உண்டு, சீனாவுக்கும் உண்டு. நான் எப்போதும் ஊர் பெயரைத்தான் கேட்கச் சொல்வேன்: “நியூயார்க்கில் காலை 10, அதாவது இந்தியாவில் இரவு 7.30 என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானா?” ஒரு வரி பதில் எழுதிக் கேட்பதை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

விண்ணப்பக் கடைசி நேரமும் இப்படித்தான். ஜெர்மனி நேரம் இரவு 23.59 என்றால் கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.29, குளிரில் 4.29. அதை நம்பிக் கடைசி ராத்திரி வரை இழுக்காமல் இருப்பதே நல்லது.

மனக்கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நியூயார்க்குக்குக் கோடையில் நம் மணியோடு இரண்டரையைக் கூட்டி, காலையை மாலையாகவோ மாலையைக் காலையாகவோ மாற்றுங்கள். நமக்கு மாலை 6 என்றால் அங்கே காலை 8.30. குளிர்காலத்தில் இரண்டரைக்குப் பதில் ஒன்றரை. நம் காலை 9.30-க்கு முன்னால் என்றால் (குளிரில் 10.30) அங்கே இன்னும் முந்தின நாள் என்பதை விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து கணக்குப் போடுகிற பிள்ளைகள் அந்த அரை மணி நேரத்தை மறந்துபோய் அரை மணி முன்னாலோ பின்னாலோ கூப்பிடுவார்கள்.

மூன்று கண்டத்தில் இருக்கிற அண்ணன் தம்பிகள் சேர்ந்து பேசுவதற்கு எல்லோரும் இங்கத்துச் சாயங்காலத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் இங்கே மாலை 6.30 என்றால் மெல்போர்னில் நள்ளிரவு. அதையே ஞாயிறு காலை 6.30 ஆக்கிப் பாருங்கள். மெல்போர்னில் நண்பகல் 12, நியூஜெர்சியில் சனி இரவு 8. ஜூலையில் பார்த்தாலும் காலை 11, இரவு 9. யாருடைய தூக்கமும் கெடாது. நம் பக்கம் அந்த நேரத்துக்கு வாசல் தெளித்துக் காப்பி குடித்து முடித்திருப்பார்கள். லண்டனில் ஒருவர் இருந்தால் மட்டும் இது ஒத்துவராது, அவருக்கு நடுராத்திரி தாண்டிவிடும்.

கடைசியாக ஒன்று, அரசாங்கங்கள் விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மெக்சிகோ 2022-இல் கோடை நேரத்தைப் பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டது. எகிப்து 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது. போன் இந்த மாற்றங்களை அப்டேட் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. மகள் விட்டுப்போன பழைய போனை அப்பா அப்டேட் செய்யாமலே வைத்திருந்தால், அதில் தெரிகிற வெளிநாட்டு நேரத்தை மட்டும் நம்பி முகூர்த்த நேரம் சொல்ல வேண்டாம். அங்கே இருக்கிற பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள்.