பின்னல் நீளம் குறையாமல் டையை நிறுத்துவது எப்படி?

டையை நிறுத்தப் போகிறேன் என்றதும் பார்லரில் சொன்னது, "பாப் வெட்டிக்கோங்க மேடம், சீக்கிரமே முடிஞ்சிடும்." இடுப்புக்குச் சற்று மேலே நிற்கும் பின்னல் என்னுடையது. அதை இழக்க மனம் வரவில்லை. பின்னலையும் வைத்துக்கொண்டே நரைக்கு வந்து சேரலாம். நாலு வருடம் பொறுமை வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். முடிக்கு நிறம் உருவாவது வேருக்குள். வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. பெர்மனன்ட் டை அதன் மேல்செதில்களைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. எந்த எண்ணெயும் மூலிகையும் அங்கே பழைய நிறத்தைத் திருப்பித் தராது. டை பட்ட பகுதி போக ஒரே வழி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது.

படி 1: அளவெடுங்கள்

கடைசியாக டை அடித்த தேதியைக் குறித்துக்கொண்டு, வேரிலிருந்து நுனிவரை இன்ச் டேப்பால் அளந்து எழுதுங்கள். முடி மாதம் சுமார் அரை இன்ச் வளரும். 24 இன்ச் முடி என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை இன்ச் வெட்டுங்கள். வளர்ந்ததைத்தான் வெட்டுகிறீர்கள், அதனால் நீளம் 24 இன்ச்சிலேயே நிற்கும். இரண்டு வருடத்தில் மேலே 12 இன்ச் உங்கள் சொந்த நிறம், கீழே 12 இன்ச் டை. நாலு வருடம் முடியும்போது முடி முழுதும் உங்கள் சொந்த நிறம். வெட்டவே மாட்டேன் என்று வளர்த்தால் டை பட்ட நுனி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

பார்லரில் "ட்ரிம்" என்று மட்டும் சொன்னால் நாலு இன்ச் போய்விடலாம். ஒன்றரை இன்ச்சை விரலால் காட்டிவிட்டு உட்காருங்கள்.

படி 2: முதல் ஆறு மாதத்தைக் கடத்துங்கள்

கஷ்டமெல்லாம் இங்கேதான். வகிட்டில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். கல்யாண வீட்டில் "உடம்பு சரியில்லையா?" என்பார்கள். என் பெரியம்மா அழுதேவிட்டார். பலர் மறுபடி டை டப்பாவைத் திறப்பது இந்தக் கட்டத்தில்தான்.

நேர்வகிட்டை விட்டுவிட்டு வளைத்து வளைத்து வகிடு எடுங்கள், கோடு உடைந்து தெரியும். வகிடே எடுக்காமல் தூக்கிச் சீவிக் கொண்டை போடலாம். முக்கியமான விசேஷத்துக்கு, தலைக்குக் குளித்தால் போய்விடும் வேர்ப்பவுடர் போதும். "கறுப்பு மருதாணி" பாக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். பலவற்றில் டையில் இருக்கும் அதே பிபிடி (PPD) என்ற நிறமேற்றும் ரசாயனம் உண்டு. தொட்டால் முதல் தேதியிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். சுத்தமான மருதாணியும் நரையைச் செம்பட்டையாக்கிவிடும், அதுவும் எளிதில் போகாது.

படி 3: பழைய முடியை உடையாமல் காப்பாற்றுங்கள்

உங்கள் நுனிமுடிக்கு நாலு வயது. அத்தனை டையையும் தாங்கியது அது. உடைய ஆரம்பித்தால் உங்கள் கணக்கு குலைந்து, பின்னல் எலிவாலாகிவிடும்.

தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெயை உச்சியைவிட நீளத்தில் நன்றாகத் தடவுங்கள். அது முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைவதைக் குறைக்கும். ஷாம்பு தலையில், கண்டிஷனர் நுனியில். ஈர முடியைத் துண்டால் அடித்து உதறும் பழக்கத்தை இன்றே விடுங்கள். நம் வீடுகளில் எத்தனை முடி அதில் உடைகிறது! பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி பேண்ட்.

படி 4: பிளீச் பற்றி

டை பட்ட பகுதியையும் நரையோடு ஒத்துப்போக வெளிர்நிறமாக்கலாமே என்று தோன்றும். ஆனால் கறுப்பு டைக்கு மேல் வெளிர்நிற டை ஏறாது. பிளீச் செய்தால்தான் வரும். பழைய நீள முடி அதில் ஆரஞ்சாகி, பிறகு ஒடியலாம். அவசியமென்றால் முகத்தோரம் சில மெல்லிய இழைகளை மட்டும் வெளிர்க்கச் சொல்லி, அதையும் ஓர் இழையில் சோதித்துப் பாருங்கள்.

வந்த நரை மஞ்சளடித்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊதா ஷாம்பு போதும்.

இரண்டரை வருடத்தில் டை கடைசி ஒன்பது இன்ச்சுக்கு இறங்கியிருக்கும். ஒரே வெட்டில் முடிக்கக் கை துறுதுறுக்கும். 15 இன்ச் போதுமென்றால் வெட்டுங்கள். நான் வெட்டவில்லை. அந்த ஒன்பது இன்ச்சையும் பின்னல் முனையில் குஞ்சத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இன்னும் ஒன்றரை வருடம் நடந்தேன்.