தட்டில் செத்தது உடலில் சாகுமா? மருந்தாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு மாலையில் முதுகலை மாணவி ஒருவர் செல்களை வளர்த்து மருந்தைச் சோதிக்கும் 96 குழித் தட்டு ஒன்றைக் கையில் ஏந்தியபடி என் அறைக்கு ஓடி வந்தார். அதைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். ஒரு பக்கத்துக் குழிகள் நாவல்பழச் சாறு போல ஊதா, மறுபக்கத்துக் குழிகள் வெளிர் மஞ்சள். எம்டிடி என்ற சாயம் உயிருள்ள செல்லில் ஊதாவாக மாறும். செத்த செல்லில் மஞ்சளாகவே நிற்கும். "எல்லாம் செத்துவிட்டது சார்" என்றார். மார்பகப் புற்றுச் செல்கள், அவர் காய்ச்சி எடுத்த இலைச் சாற்றில். அந்த முகமலர்ச்சியை நான் நன்றாக அறிவேன். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே மலர்ச்சியோடு நானும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

"எத்தனை மைக்ரோகிராமில்?" என்று கேட்டேன்.

"மில்லிலிட்டருக்கு 200 சார்."

அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கையுறை போடாமல் வேலை செய்வது, நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எலியைத் தொடுவது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்றாக உழைக்கும் மாணவர்கள், நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன். நாளிதழில் மருந்தாய்வுச் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கக் கிளம்புகிறவர்களும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

செறிவைக் கேட்காமல் விடுவது

என் பொறுமையை இன்றும் சோதிக்கிற தவறு இதுதான். ஒரு பொருள் செல்லைக் கொன்றது, வைரஸைத் தடுத்தது என்று கேட்டவுடன் மனம் குதிக்கிறது. எவ்வளவு செறிவில் கொன்றது, அந்தச் செறிவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா என்ற கேள்வி எழுவதே இல்லை. போதிய அளவு ஊற்றினால் உப்பும் செல்லைக் கொல்லும், சர்க்கரையும் கொல்லும்.

என் முதுகலை ஆய்வில் ஓர் இலைச் சாற்றின் ஐசி50, அதாவது செல்களில் பாதியை ஒடுக்கத் தேவைப்படும் செறிவு, மில்லிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் என்று வந்தது. அதை எடுப்பதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு பென்சிலை எடுத்து என் ஆய்வேட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் இருக்கிறது. சாறு அதில் சீராகப் பரவுவதாக வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 180 மில்லிகிராம் வீதம் ஆறரை கிராம் உள்ளே இருந்தாக வேண்டும். வாயால் உட்கொண்டதில் நூற்றுக்கு ஐந்து பங்கு இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தால், விழுங்க வேண்டியது 130 கிராம் சாறு. பத்தில் ஒரு பங்கு சாறு கிடைக்கிற இலை என்றால், 1.3 கிலோ காய்ந்த இலை. ஒரே வேளையில். கல்லீரல் சும்மா இருக்காது என்பதால் சில மணி நேரத்தில் மறுபடியும்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கணக்கை முதல் வாரத்தில் போட்டிருக்கலாமே தம்பி" என்றார். குரலில் கடுமை இல்லை. அதனால்தான் அது இன்னும் மறக்கவில்லை. கச்சா சாறு என்றால் 20, 30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் மேற்கொண்டு பிரித்துப் பார்ப்பது என்பது துறையில் பொதுவான வழக்கம். அதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓர் ஆய்வேட்டோடு இந்தத் தவறு நின்றுவிட்டால் நான் இவ்வளவு வருந்த மாட்டேன். 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐவர்மெக்டின் மருந்து செல் வளர்ப்பில் கொரோனா வைரஸின் ஆர்என்ஏ-வை 48 மணி நேரத்தில் சுமார் 5,000 மடங்கு குறைத்ததாக வெளியிட்டார்கள். சோதனை பொய்யில்லை. அவர்கள் பயன்படுத்திய செறிவையும் மறைக்கவில்லை: 5 மைக்ரோமோலார். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்துச் செறிவைச் சொல்லும் அலகு இது. ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை 875. ஆகவே 5 மைக்ரோமோலார் என்பது மில்லிலிட்டருக்குக் கிட்டத்தட்ட 4,400 நானோகிராம். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற வழக்கமான அளவில் ஒருவர் மாத்திரை சாப்பிட்டால் இரத்தத்தில் எட்டும் உச்சம் 50 நானோகிராமைச் சுற்றியே இருக்கும். 90 மடங்கு இடைவெளி. அந்த 50-லும் பெரும்பகுதி இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வைரஸைத் தேடிப் போக மிஞ்சுவது கொஞ்சம்.

இத்தனைக்கும் ஐவர்மெக்டின் அருமையான மருந்து. ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரை ஊர்களில் பார்வையைப் பறித்துவந்த புழு நோயை அடக்கியது. அதைத் தந்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. புழுவின் நரம்பில் அது பற்றிக்கொள்ளும் இடம் மிக நுட்பமானது. நானோமோலார் அளவே, அதாவது மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். அதே மருந்து, அதே இரத்த அளவு, புழுவுக்குப் போதும், வைரஸுக்குப் போதாது. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். உலகமோ இரண்டு ஆண்டுகள் அலைந்தது. பிரேசிலில் நடந்த பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்து, மருத்துவமனையில் சேர்வதை அது குறைக்கவில்லை என்று காட்டியது. இடையில் கால்நடைக்கான மருந்தை வாங்கி விழுங்கியவர்களும் உண்டு.

நம் அடுக்களைக்கு வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்ற கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவை 10 முதல் 50 மைக்ரோமோலார் வரை ஊற்றியவை. நோயாளிகளுக்கு ஒரு நாளில் 3.6 கிராம் தூய குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரத்தத்தில் தென்பட்டது சுமார் 11 நானோமோலார், அதாவது ஒரு மைக்ரோமோலாரில் நூற்றில் ஒரு பங்கு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருக்கும். 3.6 கிராமுக்கு 120 கிராம் தூள் வேண்டும். குழம்புக்கு நாம் போடுவது அரைத் தேக்கரண்டி.

இதைச் சொன்னால் உடனே மிளகைக் காட்டுவார்கள். 1998-இல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடலில் சேர்வது 20 மடங்கு கூடியது. இது உண்மை. மஞ்சள் மாத்திரைக் குப்பிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சாவதும் இந்த 20 மடங்குதான். கூடிய பிறகு எட்டிய உச்சம் மில்லிலிட்டருக்கு 0.18 மைக்ரோகிராம், அதாவது அரை மைக்ரோமோலார். அதுவும் முக்கால் மணி நேரம் கழித்து எட்டி, விரைவிலேயே இறங்கிவிட்டது. ஒன்றுமில்லாததை 20 மடங்காக்கினால் கொஞ்சம் கிடைக்கும்; தட்டில் ஊற்றிய அளவு கிடைக்காது.

பைப்பரின் குர்குமினை மட்டும் தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்புவதில்லை. கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினின் இரத்த அளவை அது உயர்த்துவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினான் என்று மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை டப்பாவை என்னிடம் காட்டினார். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை தொடாதீர்கள் என்று வாங்கி மூடி வைத்தேன். ஃபெனிட்டாயினில் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கொஞ்சம் ஏறினாலே தள்ளாட்டம் வரும், பார்வை இரட்டிக்கும். தட்டில் தொடங்கிய தவறு ஒரு முதியவரின் நடையில் வந்து முடியலாம்.

ஆகவே என் மாணவர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை: செல்லை வாங்குவதற்கு முன் கணக்கு. பொருளின் மூலக்கூறு எடை, மனிதருக்குக் கொடுத்தால் இரத்தத்தில் எட்டிய உச்சம், புரதத்தோடு ஒட்டாமல் மிஞ்சும் பங்கு. மூன்று எண்களையும் ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிய பிறகுதான் பிப்பெட்டைத் தொட வேண்டும். கச்சா சாற்றுக்கு இந்த எண்கள் கிடைக்காது. அப்போது அந்தத் தேர்வாளரின் பென்சில் கணக்கையாவது போட வேண்டும்.

கரைப்பானை மறப்பது

மாணவியின் தட்டுக்குத் திரும்புகிறேன். சாறு நீரில் கரையாததால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தார், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம். அதிலிருந்து 200 மைக்ரோகிராம் வரவேண்டுமென்றால் ஐம்பதில் ஒரு பங்கு ஊற்ற வேண்டும். அப்படியென்றால் குழியில் 2 விழுக்காடு டிஎம்எஸ்ஓ. பெரும்பாலான செல்கள் அரை விழுக்காட்டுக்கு மேல் தாங்குவதில்லை, 0.1-க்குள் வைப்பதே நல்லது. ஒப்பீட்டுக்கு வைத்த குழிகளில் அவர் வெறும் வளர்ப்பு ஊடகத்தை மட்டும் ஊற்றியிருந்தார்.

மறுவாரம் சாறே இல்லாமல் 2 விழுக்காடு டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றி ஒரு வரிசை வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் அந்த வரிசையும் பெரும்பாலும் மஞ்சளாகவே நின்றது. அவர் அழவில்லை. குறிப்பேட்டில் தேதி போட்டு, நிறத்தை எழுதி, கையெழுத்திட்டார். நல்ல ஆய்வாளராக வருவார்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. இலைச் சாறுகளில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் எம்டிடி சாயத்தைச் செல்லின் உதவி இல்லாமலே ஊதாவாக்கிவிடும். செல் செத்துக் கிடக்கும், தட்டு உயிரோடு இருப்பதாகச் சொல்லும். செல் இல்லாத குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவு இரண்டு குழி.

ஒரே தட்டில் மூன்று குழி

ஒரே நாளில், ஒரே செல்லில், ஒரே கரைசலை மூன்று குழியில் ஊற்றினால் அது ஒரு சோதனைதான். மூன்று அல்ல.

செல் எங்கிருந்து வந்தது என்று பாராதிருப்பது

மலேரியா மருந்தான குளோரோகுயின் வீரோ செல்லில் கொரோனா வைரஸைத் தடுத்தது. வீரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல். மனித நுரையீரலிலிருந்து வந்த காலு-3 செல்லில் 2020-இல் செய்து பார்த்தபோது தடுக்கவில்லை. அங்கே வைரஸ் நுழையும் வாசலே வேறு. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளிடம் நடந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்றவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 27 விழுக்காடு; பெறாதவர்களில் 25.

எலியின் எடையை வைத்து மனிதருக்கு அளவு போடுவது

வெள்ளெலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தோம், 60 கிலோ மனிதருக்கு 60-ஆல் பெருக்கினால் 30 கிராம் என்று எழுதிவரும் ஆய்வேடுகளை இன்றும் திருத்துகிறேன். சிறிய உடல் வேகமாக எரிகிறது, மருந்தையும் வேகமாகக் கழிக்கிறது. உடலின் மேற்பரப்பை வைத்துத்தான் மாற்ற வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இல் தந்த வழிகாட்டியின்படி வெள்ளெலியின் அளவை 6.2-ஆல், சுண்டெலியின் அளவை 12.3-ஆல் வகுக்க வேண்டும். 500-ஐ 6.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 81 மில்லிகிராம். 60 கிலோவுக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 30 எங்கே, 5 எங்கே!

1962-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் டஸ்கோ என்ற யானைக்கு எடைக் கணக்கில் 297 மில்லிகிராம் எல்எஸ்டி என்ற போதைப்பொருளைச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் பிளிறிக்கொண்டு சாய்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட்டது. காரணம் எல்எஸ்டியா, அதன்பின் செலுத்திய மயக்க மருந்துகளா என்ற விவாதம் முடியவில்லை. அந்த அளவு தவறு என்பதில் விவாதம் இல்லை.

எண் இறங்கினால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது

மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்தில் தப்புத் துடிப்புகள் இருந்தால் ஆபத்து அதிகம். துடிப்பை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் துடிப்பை அழகாக அடக்கின. நோயாளி வாழ்கிறாரா என்று காஸ்ட் என்ற ஆய்வு எண்ணிப் பார்த்தது. 1989-இல் வந்த கணக்கு: மருந்து பெற்றவர்களில் 7.7 விழுக்காட்டினர் இறந்தார்கள், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 3. வரைபடத்தில் துடிப்பு சீரானது. அதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் இறந்தார்கள். வகுப்பில் இதை எப்போது சொன்னாலும் சிறிது நேரம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போகிறேன்.

முடிவு வந்த பிறகு குழு பிரிப்பது

1988-இல் ஐசிஸ்-2 ஆய்வு மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காப்பதை நிறுவியது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்: மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பயன்படவில்லை! பல குழுவாகப் பிரித்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே இப்படி வந்துவிடும் என்று காட்டத்தான்.

தோற்ற முடிவைப் பூட்டி வைப்பது

என் 180 மைக்ரோகிராமை நான் எங்கும் வெளியிடவில்லை. வேலை செய்யாத சாற்றை யார் அச்சிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். ஆய்வேடு ஒரு கல்லூரி நூலகத்தின் அலமாரியில் இருக்கிறது. சென்ற ஆண்டு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு செடியின் பெயரைச் சொல்லி, புற்றுச் செல்லில் சோதிக்கப் போவதாகவும் வழிகாட்ட வேண்டும் என்றும் கேட்டார். அதே செடி, அதே இலை. நிதி வந்துவிட்டது, செல்லுக்கும் பணம் கட்டியாகிவிட்டது என்றார்.

அன்று மாலை வீட்டில் இருந்த பிரதியைத் தேடி எடுத்து, பென்சில் கணக்கு இருக்கும் பக்கத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன்.