வால்வு ஆம்ப் ஆன் ஆகவில்லையா? ஃபியூஸை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கண்ணாடி வால்வுகள் வைத்த கிட்டார் ஆம்ப் ஆன் ஆகவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது ஃபியூஸைக் கழற்றிவிட்டுப் புதுசு போடுவதுதான். அதுவும் போனால் இன்னொன்று, அதுவும் போனால் கொஞ்சம் தடியாக ஒன்று. போன பங்குனியில் கோபிப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பிக் கச்சேரி முடிந்து ஒரு தம்பி ஆம்பைத் தூக்கி வந்தார். 2 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 5 ஆம்பியர். மூடியைத் திறந்ததுமே கருகிய வார்னிஷ் வாடை. இருபது ரூபாய்கூடப் பெறாத ஃபியூஸ் எரியவேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிட்டது.

பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். பிளக்கைக் கழற்றி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரில் மாட்டி, அந்த ரெசிஸ்டர் வழியாக ஒவ்வொரு கெப்பாசிட்டரின் பிளஸ் முனையையும் சேசிஸோடு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்தோடு, சில நொடிகள் சேர்த்துப் பிடியுங்கள். அப்புறம் மல்டிமீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். இதிலெல்லாம் கை பழகாதவர்கள் சேசிஸைத் திறக்காமல் வெளியே செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள், அதுவே நிறைய இருக்கிறது. இன்னொன்று, ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்பை எப்போதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஆம்பின் பவர் விளக்கே எரியவில்லை என்றால் வேறு பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள், பவர் கார்டை மீட்டரில் பாருங்கள், பிறகு ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்பி நடுவில் லேசாக அறுந்து கண்ணாடி சுத்தமாக இருந்தால் ஃபியூஸே பழசாகி ஓய்ந்திருக்கலாம். கண்ணாடி உள்பக்கம் கறுத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ படிந்திருந்தால் உள்ளே நேர் ஷார்ட், புது ஃபியூஸ் போட்டுப் பிரயோஜனம் இல்லை. சில சமயம் கம்பி முழுசாகத் தெரிந்தாலும் ஃபியூஸின் ஓரத்து உலோக மூடிக்குள் விட்டுப் போயிருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் மீட்டரையும் வையுங்கள். அமெரிக்காவில் இருந்து யாராவது கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அதன் கதை முடிந்தது.

உள்ளே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க இனி சீரிஸ் லாம்ப். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற எந்தப் பட்டறையிலும் சுவரில் ஒன்று தொங்கும். ஃபேஸ் வயரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று வழியாகக் கரண்ட் ஆம்புக்குப் போகும், அவ்வளவுதான். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. சரியான அளவு ஃபியூஸைப் போட்டு ஆம்பை ஆன் செய்ததும் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் ஷார்ட். அந்த நேரத்தில் பல்பு சுமையை வாங்கிக்கொள்வதால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கிறது.

ஷார்ட் என்று தெரிந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வால்வுகளுக்கு ஹைவோல்ட்டேஜை விடும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தள்ளிய பிறகுதான் பல்பு பிரகாசமாகிறது என்றால் கோளாறு ஹைவோல்ட்டேஜ் பக்கம். அணைத்து, ஆறவிட்டு, பவர் வால்வுகளை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகளை, எந்த சாக்கெட்டில் எது என்று எழுதிவைத்துக் கழற்றுங்கள். இப்போது பல்பு மங்கினால் வால்வில் ஒன்றுதான் குற்றவாளி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். மங்கவில்லை என்றால் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் எடுங்கள். அந்த வால்வுக்குப் பதில் டயோடு வைத்த ஆம்பாக இருந்தால் சேசிஸைத் திறந்து டயோடுகளை அளக்க வேண்டியிருக்கும். ரெக்டிஃபையரை எடுத்ததும் மங்கினால் அந்த வால்வு, அல்லது அதற்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றில் ஏதோ ஒன்று. எல்லா வால்வையும் எடுத்த பிறகும் பல்பு முழுசாக எரிந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரோ வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வயரிங்கோதான், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, வால்வும் சிவக்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஹைவோல்ட்டேஜ் பக்கத்துக்கென்று தனியாக இருக்கும் எச்டி (HT) ஃபியூஸையும் ஸ்டாண்ட்பை சுவிட்சையும் பாருங்கள். ஒரே ஒரு வால்வு மட்டும் குளிர்ந்து கிடந்தால் அதன் ஹீட்டர் போயிருக்கலாம், இல்லை சாக்கெட் கோளாறாக இருக்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி மாடியில் பயிற்சி செய்கிற ஒரு குழுவின் ஆம்பைத் திறந்தபோது சாக்கெட் முழுக்கப் பஞ்சு, மழை ஈரத்தில் அப்படியே களிம்பாக ஒட்டியிருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை நாலைந்து முறை சொருகி எடுத்ததும் சரியானது. வால்வின் உச்சியையும் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளியாக மின்ன வேண்டிய பூச்சு பால்வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது.

எல்லாம் சரியானால் பின்பலகையில் எழுதியிருக்கும் அளவிலேயே ஃபியூஸ் வாங்குங்கள். எண்ணுக்கு முன் 'டி' (T) எழுத்து இருந்தால் கடையில் ஸ்லோ ப்ளோ என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் ஆன் செய்த நொடியில் இழுக்கும் கரண்டைத் தாங்க அதுதான் வேண்டும். சீரிஸ் லாம்பை எடுத்துவிட்டு நேராகச் சொருகி, அறை விளக்கை அணைத்து, பத்து நிமிடம் பவர் வால்வுகளையே பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணாடி ஓரம் நீலமாக மினுங்கினால் பயமில்லை. உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்க ஆரம்பித்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள், வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பயாஸ் வோல்ட்டேஜ் போயிருக்கிறது. சிவக்கவில்லை என்றால் வால்யூமைக் குறைத்து வைத்துக் கிட்டாரைச் சொருகுங்கள்.